லென்ஸ் வியர்க்கும் மாதம்

செப்டம்பரில் நான் எடுத்த முதல் முப்பத்தாறு படங்களிலும்
ஒன்றுமில்லை.
நீர் கலந்த பால்.
ஏசி அறை தாண்டி வெளியே வந்ததும்
கேமராவுக்கு வியர்த்துவிடுகிறது.
துப்பட்டா நுனியால் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க
ஷார்ஜா, அல் நஹ்தா, எங்கள் தெரு
ஆவியாகிப் போனது.

ஹகோப் சார் ஃபிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
பெய்ரூட்டில் இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவர்.
"யாருடைய மேகம் இது?"
வகுப்பு சிரித்தது.
மைதா சிரிக்கவில்லை.
அவள் பெயருக்குத் தமிழில் என்ன அர்த்தமென்று
இன்னும் நான் சொல்லவில்லை.
பரோட்டா வாங்கித் தரும் அன்று சொல்லலாம்.

முதலாண்டு முழுக்க ஒரே தாளில் அடக்கம்.
பால்மாவு டின்னில் ஊசித்துளை கேமரா.
நண்பகல் நிழல்கள் பத்து.
முகம் தெரியாமல் உன்னை நீயே எடுத்த படம்.
கடைசியில் ஒரு நிமிடக் குறும்படம்:
ஒரே ஷாட், வெட்டக் கூடாது, பேசக் கூடாது.
அடியில் தடித்த எழுத்தில், எடுக்கக் கூடாதவை:
விமான நிலையம், துறைமுகம், அரசுக் கட்டடம்,
அனுமதி தராத எந்த மனிதரும்.
கழித்துப் பார்த்தால்
மிஞ்சுவது பூனைகள்.
வகுப்பில் பத்தொன்பது பேர்.
குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்த அந்தச் சாம்பல் பூனைக்கு
எங்கள் எல்லோர் பெயரும் தெரிந்திருக்கும்.

அம்மா விசா மெடிக்கலில் எக்ஸ்ரே எடுக்கிறாள்.
ஒரு நாளைக்கு இருநூறு நெஞ்சு.
மூச்சை இழு, அடக்கு, விடு:
ஆறு மொழியில் சொல்லத் தெரியும்.
ஏழாவது வாக்கியம் எதிலும் தெரியாது.
"அவங்க முகம் ஞாபகம் இருக்குமாம்மா?"
"முகத்த யாரு பாத்தா"
என்று ரசத்தை இறக்கிவைத்தாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்தபோது
வரிசையில் நின்று அவளிடமே போனேன்.
மற்றவர்களிடம் சொல்வது போலத்தான் சொன்னாள், அடக்கு.
அந்த எக்ஸ்ரேயைத் தன்படமென்று சமர்ப்பித்தேன்.
ஹகோப் சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"எடுத்தது யார்?"
"அம்மா."
"அப்படியானால் மதிப்பெண் அவருக்கு."
எனக்கு மறுபடி எடுக்க ஒரு வாரம்.

குறும்படத்துக்கு அக்டோபர் பத்து கெடு.
டிசம்பர் என்றால் வியர்வை நின்றிருக்கும்.
நிற்க வேண்டாமென்று தோன்றியது.
ஏழு விடியல்கள் சோதித்து நோட்டில் எழுதினேன்:
வெளியே வைத்த பதினாறாம் நிமிடம்
லென்ஸ் தானாகத் தெளிகிறது.
கீழே மணல் பார்க்கிங்கில்
கம்பெனி பஸ் ஐந்துக்கு வருகிறது.

நாலே முக்கால்.
அம்மாவின் யூனிஃபார்ம் காயும் கொடிக்கு அடியில்
ஸ்டாண்டை விரித்தேன்.
துடைக்கவில்லை.
நாலு ஐம்பத்தொன்பது ஆனதும் பொத்தானை அழுத்தினேன்.
வெள்ளைக்குள் ஏழெட்டுக் கறைகள்.
பத்தாம் நொடியில் கறைகளுக்குக் கை முளைத்து
கையில் டிபன் கேரியர்.
இருபத்திரண்டில் சிகரெட் நுனி ஒன்று சிவந்தது.
நாற்பதில் பஸ்.
கதவு திறந்ததும் கறைகள் ஒவ்வொன்றாக ஏற,
மனிதர்களாகப் போகிற நேரம் பார்த்து
பஸ் கிளம்பிவிட்டது.
ஐம்பத்தாறில் எல்லாம் துல்லியம்:
டயர் தடம், மணல்,
குறுக்கே நடந்துபோகும் அந்தப் பூனை.

"இவர்களிடம் அனுமதி?" என்றார் ஹகோப் சார்.
"முகமே இல்லையே சார்."
நிறைய நேரம் பேசவில்லை அவர்.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
ஓரத்தில் பென்சிலால்: பூனை மிகை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவிடம்
போனில் போட்டுக் காட்டினேன்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள்.
பதினைந்தாம் நொடியில் விரலை வைத்து நிறுத்தினாள்.
"இந்த மூணாவது ஆளு
இடப்பக்கமா சாஞ்சு நிக்கிறான் பாரு.
முதுகுல ஏதோ இருக்கு.
காட்டச் சொல்லணும்."

நாற்பது தடவை பார்த்திருக்கிறேன் நான்.
நொடிகளைத்தான்
எண்ணியிருக்கிறேன்.